பகத் சிங் பற்றிக் கேட்டீர்கள்

கேள்வி: லாலா லஜபதி ராயை அடித்ததற்காகத்தானே சாண்டர்ஸைச் சுட்டார்கள்?

குறி போலீஸ் அதிகாரி சாண்டர்ஸ் அல்ல, அவருடைய மேலதிகாரி ஸ்காட். 1928 அக்டோபர் 30 அன்று லாகூரில் சைமன் கமிஷனை எதிர்த்த ஊர்வலத்தில் தடியடிக்கு உத்தரவிட்டவர் அவர். அடிபட்ட லாலா நவம்பர் 17 அன்று இறந்தார். சரியாக ஒரு மாதம் கழித்து, ஸ்காட் என்று நினைத்து ராஜகுருவும் பகத் சிங்கும் சுட்டது சாண்டர்ஸை.

கேள்வி: அப்புறம் லாகூரை விட்டு எப்படித் தப்பினார்?

முகத்தை மழித்து, தொப்பி போட்டு, துரை மாதிரி ரயிலேறினார். தோழர் பகவதி சரணின் மனைவி துர்கா தேவி தன் சின்ன மகனையும் தூக்கிக்கொண்டு, அவருக்கு மனைவியாக நடித்துக் கூடவே போனார். ராஜகுரு வேலைக்காரர் வேடத்தில். பிடிபட்டால் அந்தத் தாயின் கதி என்ன? துர்கா தேவியின் பெயரையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

கேள்வி: டெல்லியில் குண்டு வீசிவிட்டு ஏன் ஓடவில்லை?

பிடிபடத்தான் போனார்கள். 1929 ஏப்ரல் 8 அன்று மத்திய சட்டசபையில் அவரும் பட்டுகேஷ்வர் தத்தும் ஆளில்லாத இடம் பார்த்துக் குண்டுகளை வீசினார்கள். யாரும் சாகவில்லை. கூடவே பறந்த துண்டறிக்கை, செவிடர்களைக் கேட்கவைக்க உரத்த குரல் வேண்டும் என்று தொடங்கியது. ஓடியிருந்தால் அது வெறும் குண்டுவெடிப்புச் செய்தியாகவே முடிந்திருக்கும். நின்றதால் வழக்கு நடந்தது. நீதிமன்றத்தில் அவர்கள் சொன்னதைப் பத்திரிகைகள் நாடு முழுக்கக் கொண்டுபோயின. என்னைக் கேட்டால், அவருடைய பெரிய ஆயுதம் அந்த வழக்குதான்.

கேள்வி: சிறையில் உண்ணாவிரதம் எதற்கு?

அரசியல் கைதிகளுக்கு நல்ல சாப்பாடு, புத்தகம், செய்தித்தாள் வேண்டும் என்று கேட்டார்கள். கூடவே சிறையில் இருந்த தோழர் ஜதீந்திரநாத் தாஸ் 63 நாள் பட்டினி கிடந்து, 1929 செப்டம்பர் 13 அன்று உயிர்விட்டார். அவருக்கு வயது 24.

கேள்வி: கருணை மனு போட்டாரா?

இல்லை. மகனைக் காப்பாற்ற அப்பா கிஷன் சிங் நீதிமன்றத்துக்கு மனு எழுதியபோது, அவரையே கடிந்து கடிதம் எழுதினார். கடைசியாகப் பஞ்சாப் கவர்னருக்கு எழுதியதிலும், ‘நாங்கள் போர்க்கைதிகள், தூக்கில் போடாமல் சுட்டுக் கொல்லுங்கள்’ என்றுதான் கேட்டார். சாண்டர்ஸ் கொலை வழக்கில் அவரையும் ராஜகுருவையும் தோழர் சுகதேவையும் 1931 மார்ச் 23 மாலை தூக்கிலிட்டார்கள். பகத் சிங்குக்கும் சுகதேவுக்கும் 23 வயது, ராஜகுருவுக்கு 22.

கேள்வி: அப்போது தமிழ்நாட்டில் அவரைப் பற்றி எழுதினார்களா?

ஒரே வாரத்துக்குள், மார்ச் 29 அன்று, பெரியார் ‘குடி அரசு’ தலையங்கத்தில் எழுதினார். பகத் சிங் சிறையில் எழுதிய ‘நான் ஏன் நாத்திகன்’ கட்டுரையை ஜீவா தமிழாக்கினார். அதற்காக ஜீவாவைக் கைது செய்தார்கள்.