தோட்டக் கேள்வி பதில்: ஒழிக்கவும் பாசி, வளர்க்கவும் பாசி

ஐப்பசி மழை பிடித்ததிலிருந்து வருகிற கடிதங்களில் பாதி பாசியைப் பற்றித்தான். ஒருவர் ஒழிக்க வழி கேட்கிறார், அடுத்தவர் வளர்க்க வழி கேட்கிறார். இந்த இதழ் முழுக்க அதற்கே.

கொல்லையில் துவைக்கிற கல்லைச் சுற்றி ஒரே பாசி. போன வாரம் என் மாமியார் வழுக்கி விழப் பார்த்தார். பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்தால் பத்து நாளில் திரும்ப வந்துவிடுகிறது. நிரந்தரமாகப் போக என்ன செய்வது? (வாசகி, மயிலாடுதுறை)

முதலில் ஒன்று. பாசி என்று ஒரே பெயரில் நாம் சொல்வது இரண்டு வேறு உயிர்கள். கொழகொழவென்று கறுப்பும் பச்சையுமாகத் தரையோடு ஒட்டியிருப்பது ஒன்று, அதற்கு இலையும் கிடையாது தண்டும் கிடையாது, ஆளை வழுக்கிவிடுவது பெரும்பாலும் அதுதான். சுவரில் வெல்வெட் துணி மாதிரி மெத்தென்று இருப்பது இன்னொன்று, ஆங்கிலத்தில் மாஸ் என்பார்கள், அது குட்டி இலையுள்ள நிஜச் செடி. உங்கள் வீட்டில் இருப்பது முதல் வகை.

மழை விட்ட நாளில், தரை ஓரளவு காய்ந்ததும், கம்பி பிரஷ்ஷால் நன்றாகச் சுரண்டி அள்ளிவிட்டு, அதற்கப்புறம் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றி, கால் மணி நேரம் விட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். சுரண்டாமல் மேலாக ஊற்றினால் மேல்தோல் மட்டும் சாகும், அடியில் இருப்பது மறுபடி கிளம்பும். கழுவிய தண்ணீர் செடிப் பக்கம் ஓடக் கூடாது. முக்கியமாக, பிளீச்சிங் பவுடரோடு பாத்ரூம் கழுவும் ஆசிட்டைச் சேர்க்கவே சேர்க்காதீர்கள், குளோரின் வாயு கிளம்பி மூச்சை அடைக்கும்.

ஆசிட்டைத் தனியாக ஊற்றுவதும் வேண்டாம். சில வருடங்களுக்கு முன் என் வீட்டுப் பின்படியில் அந்த வேலையைச் செய்து, படி பளிச்சென்று ஆனதைப் பார்த்துப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். ஆசிட் சிமென்ட்டின் மேல்பூச்சை அரித்துச் சொரசொரப்பாக்கிவிட்டது, அந்தக் குழிகளில் ஈரம் தங்கி, அடுத்த மழைக்கு முன்பைவிட இரண்டு மடங்கு பாசி.

நிரந்தர வழி கொத்தனாரிடம்தான் இருக்கிறது. தண்ணீர் தேங்காதபடி தரைக்கு வாட்டம் கொடுக்கச் சொல்லுங்கள், துவைத்த தண்ணீர் ஒரே பக்கமாக வடிந்து போகட்டும், மேலே கவிந்து நிற்கிற முருங்கைக் கிளையோ மாங்கிளையோ இருந்தால் கழித்து வெயில் விழ வையுங்கள். ஈரமும் நிழலும் சேர்ந்திருக்கிற வரை எந்தப் பவுடரும் தோற்கத்தான் செய்யும்.

பால்கனித் தொட்டிகளில் மண்ணுக்கு மேலே பச்சையாகப் படர்கிறது. செடிக்குப் போடும் உரத்தை உறிஞ்சிவிடுமா? (வாசகர், சென்னை)

உறிஞ்சாது. மாஸுக்கு உண்மையான வேரே கிடையாது, பிடித்துக்கொள்ள மயிரிழை போன்ற இழைகள் மட்டும்தான், தண்ணீரையும் சத்தையும் இலை வழியாகவே எடுத்துக்கொள்கிறது. ஆனால் நீங்கள் தண்ணீர் அதிகம் ஊற்றுகிறீர்கள் என்று அது காட்டிக்கொடுக்கிறது. மண்ணில் விரலை விட்டுப் பாருங்கள், உள்ளே ஈரம் இருந்தால் அன்றைக்கு ஊற்ற வேண்டாம். மேல்மண்ணை லேசாகக் கொத்திவிட்டால் போதும்.

புல்தரையில் புல்லைவிடப் பாசிதான் அதிகம். அன்னபேதி (இரும்புச் சல்பேட்) போடச் சொல்கிறார்கள். போடலாமா? (வாசகர், கோத்தகிரி)

போட்டால் சில நாளில் பாசி கறுத்துவிடும், வாரி எடுத்துவிடலாம், அது உண்மைதான். ஆனால் நடைபாதை சிமென்ட்டில் பட்டால் துருக்கறை பிடித்துக்கொள்ளும், லேசில் போகாது. மயில்துத்தம் (செம்புச் சல்பேட்) வேண்டவே வேண்டாம், செம்பு மண்ணிலேயே தங்கிவிடும், ஓடைக்குப் போனால் மீனுக்கு விஷம். புல் ஏன் தோற்றது என்று பாருங்கள். நிழலா, மிதிபட்டு இறுகிய மண்ணா, ஒட்ட வெட்டுகிறீர்களா? அவற்றைச் சரிசெய்யாமல் அன்னபேதி போட்டால் காலியான இடத்தில் மறுபடி பாசியே வரும்.

மரத்தடி என்றால் ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். புல்லை விட்டுவிட்டுப் பாசியையே வைத்துக்கொள்ளுங்கள். ஜப்பானில் கியோட்டோவில் சாய்ஹோஜி என்ற கோயிலின் தோட்டம் முழுக்கப் பாசிதான், 120 வகை இருப்பதாகச் சொல்கிறார்கள், 1994-இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலிலும் சேர்ந்தது. வேடிக்கை என்னவென்றால், யாரும் திட்டம் போட்டு அதை வளர்க்கவில்லை, பராமரிக்க ஆளில்லாமல் கிடந்த காலத்தில் தானாகப் படர்ந்ததுதான்! உங்கள் ஊர்க் குளிருக்கும் மழைக்கும் அது சிரமமே இல்லை. உதிர்ந்த இலையைக் கூட்டி, களையைக் கையால் பிடுங்கினால் சரி.

ஏற்காட்டில் பாறைமேல் பார்த்த பாசியை வீட்டில் வளர்க்க ஆசை. பாசியை மோரோடு மிக்ஸியில் அடித்துப் பூசினால் வரும் என்கிறார்களே? (வாசகி, கோயம்புத்தூர்)

மோரை நீங்கள் குடியுங்கள். நம் ஊர் வெக்கையில் அதைப் பூசினால் பூஞ்சணமும் எறும்பும் நாற்றமும்தான் முதலில் வரும். மலையிலிருந்து பெயர்த்தும் வராதீர்கள், காட்டிலிருந்து எடுப்பது சட்டப்படி தப்பு, கொண்டுவந்தாலும் பங்குனி வெயிலைத் தாங்காது. உங்கள் காம்பவுண்டுச் சுவரின் வடக்குப் பக்கம் பாருங்கள், அங்கே இருப்பது கோவை வெயிலுக்குப் பழகிய பாசி. தோசைக்கரண்டியால் வில்லையாகப் பெயர்த்து, தட்டையான மண்சட்டியில் ஈரச் செம்மண்மேல் வைத்து, காற்று இடைவெளி இல்லாமல் அழுத்துங்கள். நிழலில் வைத்து மழைத்தண்ணீரைத் தெளியுங்கள், உப்புத் தண்ணீர் என்றால் வெள்ளையாகப் படிந்து கெட்டுவிடும். உரம் ஒன்றும் வேண்டாம். சித்திரையில் காய்ந்து பழுப்பாகிவிட்டால் செத்தது என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள், தண்ணீர் தெளித்துச் சில நாள் பொறுங்கள், பல வகைகள் பழையபடி பச்சையாகிவிடும்.

மணி பிளான்ட் ஏற்ற ஸ்பேக்னம் மாஸ் வாங்க வேண்டுமா? விலை எக்கச்சக்கம். (வாசகர், திருநெல்வேலி)

வேண்டாம். குழாயில் தேங்காய் நாரைச் சுற்றிக் கட்டி ஈரமாக வைத்தால் வேர் அதைப் பிடித்து ஏறும். ஸ்பேக்னம் தன் எடையைப் போல் பல மடங்கு தண்ணீரைப் பிடித்துவைக்கும், அதனால் கொய்யா, மாதுளைக் கிளையில் விண்பதியம் (கிளை மரத்தில் இருக்கும்போதே அதில் வேர் விடவைப்பது) போடுபவர்களுக்கு ஒரு கைப்பிடி உதவும். அதற்கும் நார்க்கழிவையே பயன்படுத்தலாம், இரண்டு மூன்று தண்ணீர் மாற்றி அலசி உப்பைப் போக்கிவிட்டுக் கட்டுங்கள்.