கைக்குழந்தை வளர்ப்பைக் கற்றுக்கொடுப்பது எப்படி? கேள்வி பதில்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் ஏழைக் குடும்பங்களின் வீடு தேடிச் செல்லும் பணியாளர்களும் பெற்றோரும் அனுப்பிய கேள்விகளுக்கு, இத்துறையில் பயிற்சி அளித்துவரும் ஒருவர் எழுதிய பதில்கள் இவை.

கேள்வி: மாதந்தோறும் தாய்மார்களைக் கூட்டி, குழந்தையோடு பேசுங்கள், விளையாடுங்கள் என்று சொல்கிறோம். எல்லோரும் தலையாட்டுகிறார்கள். வீட்டிலோ எதுவும் மாறவில்லை.
(அங்கன்வாடிப் பணியாளர், பென்னாகரம்)

பதில்: கூட்டத்தில் கேட்டது அங்கேயே நின்றுவிடும். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு தாய் தன் கையால் செய்து பார்த்ததுதான் தங்கும். 1986-87இல் ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரில், குழந்தை வளர்ச்சி ஆய்வாளர் சாலி கிரந்தம்-மெக்ரிகோர் குழுவினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாத 129 ஏழைக் குழந்தைகளைக் கொண்டு ஓர் ஆய்வைத் தொடங்கினார்கள். அவர்களில் ஒரு பகுதியினரின் வீடுகளுக்குச் சுகாதாரப் பணியாளர்கள் வாரம் ஒரு மணி நேரம் வீதம் 2 ஆண்டுகள் சென்று, வீட்டிலேயே செய்த எளிய விளையாட்டுப் பொருட்களைக் கொண்டு தாயையும் குழந்தையையும் சேர்ந்து விளையாடவைத்தார்கள். 20 ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, அந்தக் குழந்தைகளின் வருமானம் அவ்வாறு விளையாடாத குழந்தைகளின் வருமானத்தைவிட ஏறத்தாழ 25 விழுக்காடு கூடுதலாக இருந்தது.

ஆகவே, வீட்டுக்குப் போனதும் பாடத்தைத் தொடங்காமல், தாய் குழந்தையோடு இருப்பதைச் சற்று நேரம் பாருங்கள். அவர் சரியாகச் செய்யும் ஒன்றை முதலில் எடுத்துச் சொல்லிவிட்டு, புதிதாக ஒன்றே ஒன்றைச் சேருங்கள். நான்கு மாதக் குழந்தையாக இருந்தால், முகத்துக்கு நேரே ஒரு சாண் தள்ளி எவர்சில்வர் டம்ளரைப் பிடித்து, மெல்லப் பக்கவாட்டில் நகர்த்தச் சொல்லுங்கள். குழந்தையின் கண் அதன் பின்னாலேயே போகும். அது ‘ங்கா’ என்றால் தாயும் ‘ங்கா’ என்று சொல்லிவிட்டு, அடுத்து அதன் முறை என்று வாய் திறக்காமல் காத்திருக்க வேண்டும். இந்தக் காத்திருப்பைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். செய்துகாட்டுகிறேன் என்று குழந்தையை நீங்கள் வாங்கிக்கொள்ளாதீர்கள். உங்கள் கையில் அது சிரித்துவிட்டால், ‘டீச்சருக்குத்தான் இதெல்லாம் வரும்’ என்று தாய் ஒதுங்கிக்கொள்வார்.

கேள்வி: பெற்றோர் கட்டட வேலைக்குப் பெங்களூர் போய்விட்டதால் எட்டு மாதக் குழந்தையைப் பாட்டி வளர்க்கிறார். எதைச் சொன்னாலும், ‘நான் வளர்க்காத பிள்ளையா?’ என்கிறார்.
(தன்னார்வலர், அஞ்செட்டி)

பதில்: அவர் கேட்பது நியாயம்தான். நீங்கள் சொல்ல வந்ததை ஒதுக்கிவைத்துவிட்டு, தம் பிள்ளைகளை அவர் எப்படி வளர்த்தார் என்று கேளுங்கள். தாலாட்டும் மடியில் போட்டு ஆட்டுவதும் நீங்கள் கொண்டுபோகும் பயிற்சியில் உள்ளவைதான் என்பதை அவரிடமே சொல்லிவிடலாம். வீட்டில் கன்னடமோ தெலுங்கோ பேசுகிறவர் என்றால் அந்த மொழியிலேயே குழந்தையோடு பேசட்டும். தமிழுக்கு மாறச் சொல்ல வேண்டியதில்லை.

திருத்த வேண்டியது பெரும்பாலும் உணவில் இருக்கும். கேழ்வரகுக் கூழை நீர்க்கக் காய்ச்சிப் புகட்டினால் வயிறு நிறையுமே தவிர, எடை ஏறாது. கரண்டியைச் சாய்த்தாலும் உடனே வழிந்துவிடாத பதத்தில் கிண்டி, கடைந்த பருப்பு, கீரை, முட்டை இவற்றில் கிடைப்பதையும் சிறிது எண்ணெயையும் சேர்க்கச் சொல்லுங்கள். குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டால் சற்றுப் பொறுக்க வேண்டும். கையைக் காலைப் பிடித்துக்கொண்டு ஊட்டக் கூடாது. பண்டிகைக்கு வரும் பெற்றோரைக் கண்டு குழந்தை அழுதால், பாட்டியின் இடுப்பிலிருந்து பிடுங்காமல் பக்கத்தில் உட்கார்ந்து விளையாட்டுக் காட்டட்டும், தானாக வரும்.

கேள்வி: பிறந்ததும் சர்க்கரைத் தண்ணீர் தொட்டுவைப்பதையும் உரைமருந்து கொடுப்பதையும் மாமியாரின் மனம் நோகாமல் தடுப்பது எப்படி?
(இளம் தாய், பாலக்கோடு)

பதில்: வசம்பு வளையலுக்கும் கன்னத்துத் திருஷ்டிப் பொட்டுக்கும் சண்டை பிடிக்காதீர்கள். வாய்க்குள் போவதில் மட்டும் உறுதியாக இருங்கள். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால், 6 மாதம் முடியும் வரை தாய்ப்பால் மட்டும், தண்ணீரும் வேண்டாம். உரைகல்லும் அதில் விடும் தண்ணீரும் சுத்தமாக இல்லாவிட்டால் வயிற்றுப்போக்கு வரும். இதை நீங்கள் சொல்வதைவிட, கிராமச் சுகாதாரச் செவிலியர் பிரசவத்துக்கு முன்பே மாமியாரையும் உட்காரவைத்துச் சொல்வது நல்லது.

கேள்வி: வேண்டாம் என்று கைவிடப்படும் பெண் குழந்தைகளை அரசே ஏற்கும் தொட்டில் குழந்தைத் திட்டம் வந்த மாவட்டம் இது. பெண் குழந்தை வளர்ப்பில் இன்றும் வேறுபாடு உண்டா?
(கல்லூரி மாணவி, தருமபுரி)

பதில்: 1992இல் சேலத்தில் தொடங்கிய அத்திட்டம் 2001இல் தருமபுரிக்கும் வந்தது. பாரபட்சம் வெளிப்படையாக இருக்க வேண்டும் என்பதில்லை. இந்தியாவில் பெண் குழந்தைகளுக்குத் தாய்ப்பாலைச் சற்று முன்கூட்டியே நிறுத்துகிறார்கள் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. மகன் வேண்டும் என்று அடுத்த கருவுக்கு விரைவதே அதற்கு முக்கியக் காரணம். தாய்ப்பால் கொடுப்பது கருத்தரிப்பைத் தள்ளிப்போடும் என்பதால் இரண்டும் பிணைந்துள்ளன. எனவே வீட்டுக்குப் போகும்போது, எப்போது பால் நிறுத்தினார்கள், காய்ச்சல் வந்தபோது எத்தனை நாளில் மருத்துவமனைக்குப் போனார்கள் என்று கேளுங்கள். ‘பெண் என்று பார்க்கிறீர்களா?’ என்று கேட்டால் எவரும் ஆமாம் என்று சொல்லமாட்டார்.

கேள்வி: இரவு ஷிப்ட் பார்க்கும் தகப்பனால் என்ன முடியும்?
(தொழிற்சாலைத் தொழிலாளி, ஓசூர்)

பதில்: குளிப்பாட்டுவதை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் ஊற்றும்போது கண், மூக்கு, கை என்று பேசிக்கொண்டே ஊற்றினால் போதும்.

கேள்வி: ஒரு தாய் குழந்தை அழுதாலும் திரும்பிப் பார்ப்பதில்லை. பிறந்து இரண்டு மாதம் ஆகிறது. வீட்டார் சோம்பேறி என்கிறார்கள்.
(அங்கன்வாடிப் பணியாளர், அரூர்)

பதில்: இதைச் சோம்பல் என்று விட்டுவிடாதீர்கள். பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வாக இருக்கலாம். மருந்தாலும் ஆலோசனையாலும் தீரக்கூடியது. விளையாட்டுப் பயிற்சியை இப்போது தொடங்க வேண்டாம். அவர் தூங்குகிறாரா, சாப்பிடுகிறாரா, அடி வாங்குகிறாரா, சாகத் தோன்றுகிறதா என்று தனியாக இருக்கும்போது கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு ஆம் என்றால் அவரைத் தனியே விடாமல் அன்றே அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். மற்றபடி 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. அதுவரை குழந்தையை ஏந்திப் பேச வீட்டில் வேறு யார் இருக்கிறார் என்று பார்த்து, அவருக்குக் கற்றுக்கொடுங்கள்.