டாக்டராக வர பௌதிகவியல் கட்டாயமா?

கேள்வி: லண்டன் ஹரோவில் இருக்கிறோம். மகள் பதினோராம் ஆண்டு. சிக்ஸ்த் ஃபோமில் (ஏ-லெவல் படிக்கும் கடைசி இரண்டு ஆண்டுகள்) உயிரியல், இரசாயனவியல், வரலாறு மூன்றும் போதும் என்கிறாள். டாக்டர் ஆசையும் உண்டு. பௌதிகவியலையும் கணிதத்தையும் சேர்த்து, வரலாற்றை விட்டு, நான்காக எடு என்கிறேன், கேட்கிறாள் இல்லை. ஜிசிஎஸ்இ மாதிரிப் பரீட்சையில் (9தான் அதிகூடிய தரம்) வரலாறு 9, உயிரியல் 8, கணிதம் 7, இரசாயனவியல் 6.

பதில்: மகள் பக்கம்தான் நியாயம். ஊரில், இலங்கையில், உயர்தரத்துக்கு ‘பயோ’ (உயிரியல் பிரிவு) என்றால் பாடங்களும் பிரிவோடு சேர்ந்தே வந்துவிடும். இங்கிலாந்தின் ஏ-லெவலில் பிரிவு என்று ஒன்றில்லை. படிக்கப்போகும் பட்டத்துக்கு எது கட்டாயம் என்று பார்த்து அதை எடுத்தால், மிச்சம் பிள்ளையின் விருப்பம்.

இரசாயனவியலும் உயிரியலும் இருந்தால் பெரும்பாலான மருத்துவபீடங்களுக்கு விண்ணப்பிக்கலாம். மூன்றாவதாக வரலாறு இருப்பது குறையல்ல. கேம்பிரிட்ஜ்தான் கனவென்றால் மட்டும் கணிதத்தை யோசியுங்கள். அங்கே விண்ணப்பிப்போரில் பெரும்பாலானோர் மூன்றும் விஞ்ஞான, கணிதப் பாடங்களாகவே வைத்திருப்பார்கள்.

நான்கு பாடம் வேண்டாம். பல்கலைக்கழகங்கள் பொதுவாக மூன்று பாடப் பெறுபேறுகளைத்தான் கேட்கும். மருத்துவத்துக்கு வழக்கமாக மூன்று ஏ. நான்காவதில் செலவழித்த நேரத்தால் ஒரு ஏ, பி ஆகிவிட்டால் இடமே போய்விடலாம். பிறந்தநாள் வீடுகளில் வேண்டுமானால் நான்கு பாடத்துக்கு மதிப்பிருக்கலாம்! கணிதம், பொறியியல் படிக்க உயர்கணிதத்தை நான்காவதாக எடுப்பது வேறு கதை.

எனக்குக் கவலை அந்த இரசாயனவியல் 6தான். பல கல்லூரிகள் இந்தப் பாடத்துக்குச் சேர்க்கவே 6 அல்லது 7 கேட்கும். ஏ-லெவல் இரசாயனவியலில் குறைந்தது 20 சதவீதப் புள்ளிகள் கணிதத் திறனுக்கு. (உயிரியலில் 10, பௌதிகவியலில் 40.) கணிதத்தில் 7 எடுப்பவள் இதில் 6 என்றால், தடுமாற்றம் கணக்கிலா, பாடத்திலேயே ஆர்வமில்லையா என்று ஆசிரியரிடம் கேளுங்கள். மோல் கணக்குகள்தான் (பொருளின் அளவைக் கணிக்கும் இரசாயனக் கணக்குகள்) சிக்கல் என்றால் கோடை விடுமுறையில் சரிசெய்யலாம். ஆர்வமே இல்லை என்றால் மருத்துவத்தைப் பற்றி மகளோடு மறுபடி பேச வேண்டும்.

மனம் மாறிச் சட்டம் படிக்கப் போனாலும் இந்த மூன்றும் வீண் போகாது. எல்எஸ்இ-யில் (லண்டன் ஸ்கூல் ஒஃப் இகொனொமிக்ஸ்) பொருளியல் என்றால் மட்டும் கணிதம் இல்லாமல் முடியாது.

சிக்ஸ்த் ஃபோமைப் பெற்றோரும் பிள்ளைகளும் பார்க்கப் போகும் ஓபன் ஈவினிங்குக்குப் போகும்போது, இந்த மூன்று பாடங்களும் நேரசூசியில் மோதுமா என்று மறக்காமல் கேளுங்கள். செப்டம்பரில் முதல் சில வாரங்களுக்குள், இடமிருந்தால், பாடம் மாற்ற விடுவார்கள். அதற்குக் கடைசி நாள் எது என்பதையும் அன்றே கேட்டு வையுங்கள்.