திரையில் முழுசாக, தாளில் அரைகுறையாக

கேள்வி: பவர் பிஐ (மைக்ரோசாஃப்டின் தரவு அறிக்கை மென்பொருள்) ரிப்போர்ட்டில் 400 வரிகள் உள்ள விற்பனை அட்டவணை இருக்கிறது. பிடிஎஃப் எடுத்தால் முதல் 25 வரியோடு நின்றுவிடுகிறது. மீதி எங்கே போகிறது?

பதில்: பவர் பிஐயில் பிடிஎஃப் எடுப்பது, ரிப்போர்ட் பக்கம் திரையில் தெரிகிறபடியே படம் பிடிப்பது. ஸ்க்ரோல் செய்தால்தான் தெரியும் வரிகள் அந்தப் படத்தில் வராது. எழுத்தைச் சிறிதாக்கி, பக்கத்தை நீளமாக்கிப் பலர் சமாளிக்கிறார்கள். அடுத்த மாதம் வரிகள் கூடினால் மறுபடியும் வெட்டுப்படும், ஆகவே அந்த வழியே வேண்டாம்.

எண்கள் மட்டும் போதுமென்றால் அட்டவணையின் மூலையில் உள்ள மூன்று புள்ளியை அழுத்தி 'எக்ஸ்போர்ட் டேட்டா' கொடுங்கள். எக்செல்லுக்கு 1,50,000 வரிகள் வரையும், சிஎஸ்விக்கு (காற்புள்ளியால் பிரித்த எளிய உரைக்கோப்பு) 30,000 வரிகள் வரையும் கிடைக்கும். வாங்கியதும் கூட்டுத்தொகையை ரிப்போர்ட்டோடு ஒத்துப் பாருங்கள்.

அச்சிட்டுக் கையெழுத்து வாங்கும் ரிப்போர்ட் என்றால் பேஜினேட்டட் ரிப்போர்ட்தான் (தாள் தாளாகப் பிரித்து அச்சிட வடிவமைக்கும் வகை) சரி. அதை உருவாக்கும் மென்பொருளான ரிப்போர்ட் பில்டரில் அதே டேட்டாவை இணைத்து அட்டவணை போட்டால், வரிகள் தானாக அடுத்தடுத்த தாளுக்கு ஓடும். ஆனால் தலைப்பு வரி முதல் தாளில் மட்டும் வரக்கூடும். தலைப்பு வரியை ஒவ்வொரு தாளிலும் வரவைப்பதற்கான டிக் பெட்டி பல சமயம் பலன் தருவதில்லை. கீழே உள்ள குரூப்பிங் பகுதியில் சிறு அம்புக்குறியை அழுத்தி 'அட்வான்ஸ்டு மோட்' போடுங்கள். ரோ குரூப்ஸ் பட்டியலில் மேலே உள்ள 'ஸ்டாட்டிக்'கைத் தேர்ந்தெடுத்து, ப்ராப்பர்ட்டிஸில் 'ரிப்பீட் ஆன் நியூ பேஜ்' ட்ரூ, 'கீப் வித் குரூப்' ஆஃப்டர் என்று மாற்றுங்கள். இரண்டையும் மாற்ற வேண்டும்.

கேள்வி: பேஜினேட்டட் ரிப்போர்ட்டை அச்சிட்டால் ஒன்றுவிட்டு ஒரு தாள் வெறுமையாக வருகிறது. பிரிண்டர் கோளாறா?

பதில்: பிரிண்டரைத் தொட வேண்டாம், கணக்கு இடிக்கிறது. பாடி (அட்டவணை முதலியவை அமரும் வடிவமைப்புப் பகுதி) அகலம், இடது மார்ஜின், வலது மார்ஜின் மூன்றும் சேர்ந்து தாளின் அகலத்தைத் தாண்டக் கூடாது. ஏ4 தாளின் அகலம் 21 செ.மீ. இருபக்கமும் 1.5 செ.மீ. விட்டால் பாடிக்கு மிஞ்சுவது 18 செ.மீ. அது 18.2 ஆக இருந்தாலே அந்த 0.2 செ.மீ. தனித் தாளாக வந்துவிழும்.

இது எப்படி நேர்கிறது என்றால், வடிவமைக்கும்போது அட்டவணையின் ஒரு காலத்தை (நெடுவரிசையை) இழுத்து அகலமாக்குவீர்கள். பாடியும் கூடவே விரியும். காலத்தைப் பழையபடி சுருக்கினாலும் பாடி சுருங்காது. பாடியின் வலது ஓரத்தைப் பிடித்து அட்டவணை முடியும் இடம் வரை இழுத்துவிடுங்கள். கடைசியில் மட்டும் ஒரு வெற்றுத்தாள் வந்தால், அட்டவணைக்குக் கீழே உள்ள காலி இடம்தான் காரணம். ரிப்போர்ட்டின் ப்ராப்பர்ட்டிஸில் 'கன்ஸ்யூம் கன்டெய்னர் ஒயிட்ஸ்பேஸ்' என்பதை ட்ரூ ஆக்குங்கள்.

கேள்வி: சிஎஸ்வி கோப்பை எக்செல்லில் திறந்தால் தமிழ்ப் பெயர்கள் கோணல்மாணலாகத் தெரிகின்றன. 007 என்ற குறியீடு 7 ஆகிவிடுகிறது.

பதில்: கோப்பை இரட்டைச் சொடுக்கில் திறப்பதால்தான் இரண்டும். புதிய எக்செல் கோப்பைத் திறந்து, டேட்டா மெனுவில் 'ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி' வழியாகக் கொண்டுவாருங்கள். 'ஃபைல் ஆரிஜின்' இடத்தில் 65001 யூனிகோட் யுடிஎஃப்-8 தேர்ந்தெடுத்தால் தமிழ் சரியாகிவிடும். உடனே 'லோடு' அழுத்தாமல் 'டிரான்ஸ்ஃபார்ம் டேட்டா' போய், குறியீட்டுக் காலத்தின் வகையை 'டெக்ஸ்ட்' என்று மாற்றுங்கள். கேட்டால் 'ரீப்ளேஸ் கரண்ட்' கொடுங்கள். 16 இலக்க எண்கள் உள்ள காலங்களுக்கும் இதைச் செய்தாக வேண்டும். எக்செல் எண்ணாக வைத்துக்கொள்வது 15 இலக்கம்தான், பதினாறாவதை 0 ஆக்கிவிடும். அப்படிச் சேமித்த கோப்பிலிருந்து அந்த இலக்கத்தை மீட்க வழியில்லை; மூல ரிப்போர்ட்டிலிருந்து மறுபடி எடுக்க வேண்டியதுதான்.