வாரத் தேர்வில் 18, பருவத் தேர்வில் திணறல்: ஏன்?

வணக்கம் டீச்சர். வாரத் தேர்வில் 20-க்கு 18 எடுக்கும் பிள்ளைகள், பருவத் தேர்வில் அதே பின்னக் கணக்கில் திணறுவதாக எழுதியிருந்தீர்கள். பிள்ளைகள் மேல் தப்பில்லை. பின்னக் கூட்டல் நடத்திய கையோடு அதை மட்டுமே கேட்டால், எந்த முறை என்று யோசிக்கவே வேலையில்லை. உளவியல் ஆய்வாளர்கள் ரோடிகர், கார்ப்பிக் இருவரின் 2006 ஆய்வில், 5 நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பப் படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்தோ, பார்க்காமல் நினைவுபடுத்தி எழுதிப் பழகியவர்கள்.

அதனால் வாரத் தேர்வின் 10 கேள்வியில் 4 இந்த வாரப் பாடம், 3 போன வாரம், 3 போன மாதம் என்று கலந்து கேளுங்கள். வரிசையும் குலைந்திருக்கட்டும். தொடக்கத்தில் மார்க் சரியும். பெற்றோரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். என்னைக் கேட்டால், இந்தத் தாளுக்கு மார்க்கே வேண்டாம். ஆனால் திருத்தாமல் விடாதீர்கள்: 1/2 + 1/3 = 2/5 என்று எழுதிய பிள்ளைக்கு அந்தத் தப்பே பழகிப்போகும்.