துப்பாக்கியின் காலித் தோட்டாக் கூடு முன்னால் பாய்கிறதா? பஃபர் வாங்கும் முன் ஸ்பிரிங்கை அளந்து பாருங்கள்

கேள்வி: டெக்சாஸில், டல்லாஸ் பக்கம் இருக்கிறேன். இலக்குச் சுடும் பயிற்சிக்காகப் போன வருடம் ஒரு ஏஆர்-15 ரைஃபிள் வாங்கினேன். 16 அங்குல பேரல், கார்பைன் (குட்டை ரைஃபிள்) நீள வாயுக் குழாய். சுட்டதும் காலிக் கூடுகள் முன்பக்கமாகப் பாய்கின்றன, தோளில் அடியும் பலமாக இருக்கிறது. எச்3 என்ற கனமான பஃபரும் (தோள்கட்டைக்குள் இருக்கும் குழாயில் ஸ்பிரிங்கோடு ஓடும் எடை) அழுத்தம் கூடிய ஸ்பிரிங்கும் சேர்ந்த செட்டை வாங்கச் சொல்கிறார் கடைக்காரர். நண்பரோ தன் 308 ரைஃபிளில் (பெரிய தோட்டா போடும் வகை) இருந்து கழற்றி வைத்த பஃபரை இலவசமாகத் தருகிறேன் என்கிறார். எதை எடுப்பது?

பதில்: இரண்டும் வேண்டாம். நண்பர் தருவது துப்பாக்கியையே கெடுக்கும். கடைக்காரர் சொல்வது உங்கள் பணத்தைக் கெடுக்கும்.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் வாயு அதிகமாக வருகிறது. பேரலில் உள்ள சிறு துளை வழியாக வரும் வாயுதான் போல்ட் கேரியரை, அதாவது காலிக் கூட்டை வெளியே எறிந்து அடுத்த தோட்டாவை ஏற்றும் பாகத்தை, பஃபரை நோக்கிப் பின்னால் தள்ளுகிறது. துளை பெரிதாக இருந்தால் கேரியர் அவசரமாகப் பாயும். குழல் முனையை 12 மணி என்று வைத்துக்கொண்டால், கூடு 3 மணிக்கும் நாலரைக்கும் நடுவில் விழுவது நல்லது. 1, 2 மணித் திசையில் பாய்ந்தால் பெரும்பாலும் வாயு மிகுதிதான். 16 அங்குல பேரலுக்கு 9 அங்குல இடைநீள வாயு அமைப்பு பொருத்தமானது. உங்களுடையது 7 அங்குலம். போதாததற்கு, எவ்வளவு மட்டமான தோட்டா போட்டாலும் ஓட வேண்டும், வாங்கியவர் திருப்பிக் கொண்டுவரக் கூடாது என்று பல தயாரிப்பாளர்கள் துளையைப் பெரிதாகவே போடுகிறார்கள். அதன் அளவைப் பெட்டியில் அச்சிடுவதும் இல்லை. அவர்கள் ஒரு எண்ணைச் சொல்லிவிட்டால் தீரும் குழப்பத்துக்கு நீங்கள் கடை கடையாக அலைகிறீர்கள். எனக்கு இதில் பொறுமையே போய்விட்டது.

சரி, செய்ய வேண்டியது இதுதான். மேகசினைக் கழற்றுங்கள். சேம்பரில் (பேரலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடம்) தோட்டா இல்லை என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதி செய்துகொண்டு பஃபரோடு இருக்கும் ஸ்பிரிங்கை வெளியே எடுத்து அளவுகோலில் வையுங்கள். கார்பைன் ஸ்பிரிங் 10 1/16 அங்குலத்துக்குக் குறைந்திருந்தால் மாற்றிவிட வேண்டும். சில டாலர் விஷயம். சாதாரண அழுத்தமுள்ள புதிய ஸ்பிரிங் போதும். அழுத்தம் கூடிய ஸ்பிரிங் கேரியரின் கிளம்பும் வேகத்தை அதிகம் குறைக்காது, திரும்பி வரும்போதுதான் இன்னும் வேகமாக அடிக்கும். மேகசின் அடுத்த தோட்டாவை மேலே தூக்குவதற்குள் போல்ட் கடந்து போய்விடவும் கூடும். கிளம்புவதைத் தாமதப்படுத்துவது எடைதான்.

எடையையும் படிப்படியாக ஏற்றுங்கள். சாதாரண கார்பைன் பஃபர் ஏறக்குறைய 3 அவுன்ஸ், எச் 3.8, எச்2 4.6, எச்3 5.4. உள்ளே இருக்கும் மூன்று எஃகுத் துண்டுகளில் ஒன்றை டங்ஸ்டனாக மாற்றினால் எச், இரண்டை மாற்றினால் எச்2, மூன்றையும் மாற்றினால் எச்3. முதலில் எச் போடுங்கள். மேகசினில் ஒரே ஒரு தோட்டா வைத்துச் சுடுங்கள். போல்ட் பின்னால் திறந்தபடி நின்றால் சரி. நீங்கள் பயன்படுத்துவதிலேயே பலம் குறைந்த தோட்டாவில் இதை ஐந்து முறை பாருங்கள். ஐந்திலும் நின்றது, கூடு இன்னும் முன்னால் பாய்கிறது என்றால் எச்2. ஒரு முறை நிற்காமல் போனாலும் ஒரு படி இறங்கிவிடுங்கள். சப்ரஸர் (சத்தம் குறைக்கும் கருவி) இல்லாத உங்கள் துப்பாக்கிக்கு எச்3 தேவைப்படாது.

வாங்கும்போது பெட்டியில் எழுதியிருப்பதை நம்பாதீர்கள். துப்பாக்கிச் சந்தைகளிலும் இணையத்திலும் வெறும் எஃகை வைத்து எச்2 என்று விற்பவர்கள் இருக்கிறார்கள். வீட்டுச் சமையல் தராசு போதும்: எச் 108 கிராம், எச்2 130 கிராம் அளவில் காட்ட வேண்டும். ஆட்டினால் உள்ளே துண்டுகள் நகரும் சத்தமும் கேட்க வேண்டும். போல்ட் மூடும்போது துள்ளாமல் தடுப்பது அந்த நகர்வுதான். 1960களில் எம்16 ரைஃபிளுக்கு வெடிமருந்து மாறி, சுடும் வேகம் கூடிப்போனபோது அமெரிக்க ராணுவம் பழைய பஃபரைத் தூக்கிப் போட்டுவிட்டு நகரும் எடை கொண்டதைக் கொண்டுவந்தது. அதனால் துண்டுகளைப் பசை போட்டு ஒட்டி, 'சத்தமில்லாத பஃபர்' என்று விற்பதை வாங்கவே வாங்காதீர்கள்.

இனி அந்த 308 பஃபர். ஏஆர்-15 வகைக்கு ராணுவ அளவு என்று ஒன்று இருக்கிறது. 308 வகைக்கு அப்படி எதுவும் கிடையாது, ஆளுக்கு ஓர் அளவு வைத்திருக்கிறார்கள். கார்பைன் நீளப் பஃபர் குழாய் உள்ள டிபிஎம்எஸ் (ஒரு தயாரிப்பாளர்) வகை 308 ரைஃபிளில் பஃபர் 2.5 அங்குலம்தான், உங்களுடையது 3.25. குட்டையானதை உங்கள் பஃபர் குழாயில் போட்டால் கேரியர் முக்கால் அங்குலம் கூடுதலாகப் பின்னால் போய், அதன் மேல் திருகி வைத்திருக்கும், வாயுவை வாங்கும் சிறு பாகம் (கேஸ் கீ) ரிசீவரின் (துப்பாக்கியின் உடல்பகுதி) பின்சுவரில் மோதும். திருகுகள் அறுந்துபோகும், ரிசீவரும் அடிபடும். உங்கள் பஃபரை அவர் போட்டாலோ, கேரியர் போதிய தூரம் பின்வாங்காமல் தோட்டாவை எடுக்கத் தவறும். இன்னொரு 308 வகையான ஆர்மலைட் ஏஆர்-10இல் பஃபர் குழாயே நீளம், அங்கே 3.25 அங்குலப் பஃபர்தான் பொருந்தும். இரண்டையும் '308' என்று ஒரே பெயரில் விற்கிறார்கள், எது எதற்கு என்று எழுதுவதில்லை! அவர் இலவசமாகத் தந்தாலும் வாங்காதீர்கள்.

எச்2 போட்டும் முன்னாலேயே பாய்ந்தால் பஃபர் வாங்குவதை நிறுத்திவிட்டு, வாயுவின் அளவைக் கூட்டிக் குறைக்க முடிகிற கேஸ் பிளாக் (பேரல் துளையின் மேல் உட்காரும் பாகம்) ஒன்றை நல்ல துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொடுத்துப் பொருத்திக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் அதே ஒற்றைத் தோட்டாச் சோதனையை அவர் முன்னாலேயே செய்து காட்டச் சொல்லுங்கள்.