வட்டிக்கணக்கு ரத்தத்தில் வருமா? – கேள்வி பதில்

மரபணுவுக்கும் பணங்காசு நடத்தைக்கும் என்ன தொடர்புன்னு கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தேன். வந்ததில் பாதி ஒரே கேள்விதான். அதையே முதலில் எடுத்துக்கிறேன்.

காரைக்குடி ஜவுளிக்கடைக்காரர்: அண்ணே, 'கெட்டாலும் செட்டி, கிழிந்தாலும் பட்டு'ங்கிறாங்க. வியாபாரம் நம்ம செட்டியார் ரத்தத்திலேயே ஊறினதா? அதுக்குன்னு மரபணு உண்டா?

அப்படி ஒரு மரபணு கிடையாது தம்பி. துணிஞ்சு பணம் போடுறதை டிஆர்டி4 மாதிரி ஒரே மரபணு தீர்மானிக்குதுன்னு ஒரு காலத்தில் கட்டுரைகள் வந்தது. சில நூறு பேரை வச்சுச் செய்த ஆய்வுகள். ஆள் எண்ணிக்கை கூடினதும் அந்த முடிவுகள் பெரும்பாலும் நிக்கலை. 2019ல் பத்து லட்சம் பேருக்கு மேல் வச்சுப் பார்த்தப்போ, துணிச்சலோட தொடர்புள்ள 99 இடங்கள் மரபணுத் தொகுதியில் தெரிஞ்சது. ஒவ்வொண்ணும் கடுகளவு. மரபணுத் தொகுதி முழுக்கக் கூட்டி ஒரு மதிப்பெண் போட்டாலும், ஆளுக்கு ஆள் இருக்கிற வித்தியாசத்தில் 1.6 விழுக்காட்டைத்தான் அது சொல்லுது. மிச்சம் முக்காலே மூணு வீசத்துக்கும் (பதினாறில் பதினஞ்சு பங்குக்கும்) மேலே!

அந்த 'மூணு வீசம்' எனக்கு வந்தது எங்க ஐயாகிட்டேயிருந்து. சின்ன வயசிலேயே ரங்கூன் கடைக்குப் பெட்டியடிப் பையனா, அதாவது தொழில் பழகுற எடுபிடியாப் போனவர். கடையைக் கூட்டி, மேலாளுக்குத் தண்ணி எடுத்து வச்சு, ராத்திரி பேரேட்டைப் பார்த்து ஐந்தொகை போடப் பழகி, அப்புறம்தான் மேலாளுக்கு அடுத்தாளா ஆனார். எண்பது வயசிலும் மாகாணி, வீசமெல்லாம் விரலை மடக்காமச் சொல்லுவார். பழக்கம், பங்காளிகளுக்குள்ள கைமாறின கடன், சொன்ன சொல்லுக்கு இருந்த மதிப்பு. இதையெல்லாம் நாம சுருக்கி 'ரத்தம்'னு சொல்லிடுறோம்.

பர்மாவையே பாருங்க. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கையில் 1930ல் இருந்தது சுமார் 6 விழுக்காடு நிலம். 1938க்குள் அது சுமார் 25 ஆயிடுச்சு. ஆசைப்பட்டு வாங்கினதில்லை. நெல் விலை சரிஞ்சு, கடன் வாங்கினவன் கட்ட முடியாம, ஈடா வச்ச வயல் வந்து சேர்ந்தது. 1942ல் ஜப்பான்காரன் வந்தான், விட்டுட்டு ஓடி வந்தாங்க. சுதந்திரத்துக்கப்புறம் நிலம் அரசுடைமை. அதே ஆள், அதே மரபணு. சொத்து மட்டும் எங்கே போச்சு?

தேவகோட்டை கல்லூரி மாணவி: ஸ்வீடன் இரட்டையர் ஆய்வில் துணிச்சலுக்கு 20 விழுக்காடு மரபுன்னு படிச்சேன் சார். நீங்க 1.6ங்கிறீங்களே?

நல்லா மடக்கினேம்மா. ரெண்டும் வேற வேற அளவை. 2009ல் வந்த அந்த ஆய்வு மரபணுவைத் தொட்டுப் பார்க்கலை. ஒரே கருவிலிருந்து பிரிஞ்ச இரட்டையர் எவ்வளவு ஒத்துப்போறாங்க, சாதாரண இரட்டையர் எவ்வளவுன்னு ஒப்பிட்டு, துணிச்சலிலும் பிறருக்குக் கொடுக்கிற குணத்திலும் சுமார் 20ன்னு கணக்குப் போட்டாங்க. 1.6 என்பது 2019 ஆய்வின் மரபணு மதிப்பெண்ணை வச்சு ஊகிக்க முடிஞ்ச அளவு.

அந்த 20ஐயும் தப்பாப் படிக்காதே. ஒருத்தரோட துணிச்சலில் ஐந்தில் ஒரு பங்கு மரபுன்னு அர்த்தமில்லை. அந்த நாட்டில், அந்தக் காலத்தில், ஆட்களுக்கு நடுவே இருக்கிற *வித்தியாசத்தில்* அவ்வளவு. மரபா வந்ததுன்னா மாத்த முடியாதுங்கிறதும் இல்லை. ஆர்தர் கோல்ட்பெர்கர்ங்கிற பொருளியலாளர் 1979லேயே கேட்டார்: கிட்டப்பார்வை மரபா வந்ததுன்னா மூக்குக்கண்ணாடி வேலை செய்யாதா?

கானாடுகாத்தான்: எங்க ஐயா பிள்ளை கூட்டி (தத்தெடுத்து) வந்தவர். பிறந்த வீட்டில் ஒண்ணுமில்லை. வந்த வீட்டுக் கடையை மூணு மடங்காக்கினார். அப்ப வளர்ப்புதானே எல்லாம்?

ஐயாவுக்கு வணக்கம். ஆனா ஆய்வுக்கு இது ஆகாது. நம்மில் பிள்ளை கூட்டுறது அதே கோயில் பங்காளிக்குள்ள, அதாவது அப்பா வழியில் ஒரே கோயிலைச் சேர்ந்தவங்களுக்குள்ள. அதிலும் சூட்டிகையான பையனாப் பார்த்துத்தானே கூட்டினாங்க? தேடிப் பொறுக்கினதை வச்சு வளர்ப்பின் பலனைப் பிரிக்க முடியாது. புரூஸ் சாசர்டோட்ங்கிற பொருளியலாளர் 2007ல் எடுத்துக்கிட்டது, வரிசைப்படி எந்தக் குடும்பம் வந்ததோ அங்கே போய்ச் சேர்ந்த கொரியக் குழந்தைகளை. அமெரிக்காவில் வளர்ந்தவங்க. படிச்ச, சின்னக் குடும்பத்துக்குப் போனவங்க அதிகம் படிச்சாங்க. இருந்தாலும் படிப்பும் வருமானமும் பெத்த பிள்ளைக்கு இறங்கின அளவு இவங்களுக்கு இறங்கலை. குடிப்பழக்கம் மட்டும் ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி இறங்கியிருக்கு!

பள்ளத்தூர்: மரபணுச் சோதனைக்கு எச்சில் அனுப்பினா பையன் படிப்பானான்னு சொல்றாங்களாமே?

காசை உண்டியலில் போடுங்க. 2018ல் 11 லட்சம் பேரை வச்சுச் செய்த, படிப்பை ஊகிக்கிற மரபணு மதிப்பெண், ஐரோப்பிய வம்சாவளியினருக்கே படிப்பு வித்தியாசத்தில் 11 முதல் 13 விழுக்காடுதான் சொல்லுச்சு. அமெரிக்கக் கறுப்பினத்தவரிடம் போட்டுப் பார்த்தா 1.6. நம்ம பிள்ளைக்கு அதை வச்சு என்ன சொல்ல?

புதுவயல் ரைஸ்மில் உரிமையாளர்: நாடே பணக்கார நாடாகிறதுக்கும் மரபணுதான் காரணம்னு ஒரு ஆய்வு இருக்காமே?

அஷ்ரஃப், கேலர்ங்கிற ரெண்டு பொருளியலாளர்கள் 2013ல் எழுதினது. ஆப்பிரிக்காவிலிருந்து தூரம் போகப் போக மக்களின் மரபணு வேறுபாடு குறையும், இது உண்மை. ரொம்ப அதிகமும் ஆகாது, ரொம்பக் குறைவும் ஆகாது, நடுவாந்திரமா இருக்கிற இடம்தான் வளரும்ங்கிறது அவங்க வாதம். மானிடவியல்காரங்களும் மரபியல்காரங்களும் கடுமையா எதிர்த்தாங்க. எனக்கும் ஒப்பலை. பக்கத்து நாடுகள் நிலத்தாலும் நோயாலும் காலனி வரலாறாலும் ஒண்ணுபோல இருக்கும். அதிலிருந்து மரபணுவை மட்டும் உருவி எடுக்கிறது லேசில்லை. வட கொரியா, தென் கொரியா ஒரே மக்கள்தானே? 1945ல் கோடு போட்டது.

கோட்டையூர் ஆச்சி: இதெல்லாம் இருக்கட்டும் தம்பி. பேத்திக்கு மாமன் மகனையே பேசுறாக. கோயில் வேறதானே, பயமில்லையே?

ஆச்சி, இந்தக் கேள்விக்குத்தான் மரபணு ஆராய்ச்சி உருப்படியாப் பதில் சொல்லும். கோயில் கணக்கு அப்பச்சி (அப்பா) வழி மட்டும்தான் பார்க்கும். பேத்திக்கும் அந்தப் பையனுக்கும் மரபணுவில் எட்டில் ஒரு பங்கு பொதுவா இருக்கும். ரெண்டு பக்கமும் ஒளிஞ்சிருக்கிற ஒரே குறை பிள்ளையில் சேர வாய்ப்பு கூடும். எல்லாப் பிள்ளைக்கும் வரும்னு இல்லை.

உறவிலேயே கட்டாட்டியும் சமூகத்துக்குள்ளேயே கட்டுறதில் இது உண்டு. 2017ல் தெற்காசியாவில் 260க்கும் மேற்பட்ட சமூகங்களைப் பார்த்ததில் 81ல், கொஞ்சப் பேரிலிருந்தே பெருகின குறுகின வேர் தெரிஞ்சது. ஆந்திரப் பக்கத்து வைசியர்களில் சிலருக்கு, ஆபரேஷனில் தசை தளரப் போடுற ஒரு மருந்து சீக்கிரம் இறங்காது. மூச்சு திரும்ப நேரமாகும். வியாபாரச் சமூகம்தான், ஆனா அங்கே கையில் சிக்கின மரபணு வியாபாரத்துக்கானதில்லை.

பேச்சை முடிக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு பேரையும் மரபியல் ஆலோசகர்கிட்ட கூட்டிப் போங்க. ரெண்டு வீட்டிலும் சின்ன வயசில் தவறின பிள்ளைகள் யார் யாருன்னு எழுதி எடுத்துக்கிட்டுப் போங்க ஆச்சி. அது உங்களுக்குத்தான் ஞாபகம் இருக்கும்.